கணுக்காலில் வைக்கும் செயற்கை மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். 22 வருஷத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து வலது கணுக்கால் முறிந்தது. நாட்டுக்கட்டு போட்டு மூன்று மாதத்தில் நடந்துவிட்டார். இப்போது அந்த மூட்டு முழுக்கத் தேய்ந்து, காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறார். ஒரு டாக்டர் செயற்கை மூட்டு வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் எலும்புகளை ஒட்டவைத்து ஃப்யூஷன் செய்துவிடலாம் என்கிறார். "அம்மாவுக்கு முழங்கால் மாற்றி 12 வருஷம் ஆச்சு, ஒரு தொந்தரவும் இல்லை. கணுக்காலும் அப்படித்தானே? எத்தனை வருஷம் உழைக்கும்? அப்பா மறுபடி திருவண்ணாமலை கிரிவலம் போக முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். இங்கிலாந்தில் ஒரு கணுக்கால், பாதப் பிரிவில் 9 வருஷம் வேலை பார்த்தேன். ஊர் திரும்பி திருச்சியில் 11 வருஷம் ஆகிறது. கத்தி எடுப்பது என் வேலை இல்லை. அறுவை முடிந்த காலை நடக்க வைப்பதும், அது வருஷக்கணக்கில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதும்தான் என் வேலை. அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருத்தமான காலில், பழகிய கை வைத்த மூட்டு என்றால் 10 வருஷம் கழித்து 100 பேரில் 80 முதல் 90 பேருக்கு அது உள்ளேயே இருக்கும். 15, 16 வருஷத்தில் 75 பக்கம் வந்துவிடும். முழங்கால் கணக்கு வேறு. 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்று செய்தவர்களில் 100க்கு 82 பேருக்கு அது 25 வருஷம் தாங்குகிறது. அம்மாவின் முழங்காலை வைத்து அப்பாவின் கணுக்காலைக் கணக்குப் போட வேண்டாம். இரண்டும் வேறு வேறு மூட்டு, வேறு வேறு கதை.

ஏன் என்று கேட்பீர்கள். கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளும் கீழே வந்து கவட்டை மாதிரி சேர்ந்து, தாலஸ் என்ற ஒரு சின்ன எலும்பை நடுவில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதுதான் கணுக்கால் மூட்டு. பாரம் இறங்கும் பரப்பு, இடுப்பிலோ முழங்காலிலோ இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு அதில் இறங்குகிறது. அப்பா 70 கிலோ என்றால் 350 கிலோ. அதைத் தாங்கும் தாலஸில் ஒரு தசையும் வந்து ஒட்டவில்லை. அதன் மேற்பரப்பில் பாதிக்கு மேல் குருத்தெலும்புதான். ரத்தம் உள்ளே போக வழியே குறைவு. அந்த எலும்பின் மேல்தான் உலோகத் தொப்பியை உட்கார வைக்க வேண்டும். நாளடைவில் அது அமுங்குவதும் ஆட்டம் கொடுப்பதும் ஏன் என்று இப்போது புரியும்.

உங்கள் கணுக்காலின் முன்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். தோல், தசைநாண், உடனே எலும்பு. சதையே கிடையாது. பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். அதனால்தான் புண் ஆறுவது இங்கே ஒரு தனிக் கவலை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. முழங்கால் வயதாகித் தேய்கிறது. கணுக்கால் பெரும்பாலும் அடிபட்டுத் தேய்கிறது. கணுக்கால் தேய்மானத்தில் பத்தில் ஏழு பழைய முறிவாலோ, திரும்பத் திரும்பச் சுளுக்கி ஜவ்வு அறுந்ததாலோ வருவது. ஆகவே வருகிறவர் வயதில் சின்னவராக இருப்பார், கால் கோணலாகக் கூடியிருக்கும், உள்ளே பழைய தழும்பு இருக்கும், அந்த மூட்டை வைத்துக்கொண்டு வாழ வேண்டிய வருஷமும் அதிகம். உங்கள் அப்பா இதில் அப்படியே பொருந்துகிறார். நாட்டுக்கட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த நாளில் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் அதுதான் இருந்தது. ஆனால் மூட்டுக்குள் போன முறிவு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விலகிக் கூடினாலும் அந்த மேடு பள்ளம் இருபது வருஷத்தில் மூட்டைத் தின்றுவிடும்.

கணுக்கால் மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகிவிட்டது. 1970ல் பிரான்சில் லார், மரோத் என்ற இருவர் தொடங்கினார்கள். இடுப்பு மூட்டுக்கு வைக்கும் தண்டைத் தலைகீழாக்கி வைத்தது போன்ற அமைப்பு அது. 25 பேருக்கு வைத்ததில் 12 பேருக்குத் தோற்றது. பிறகு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சிமெண்ட் வைத்து ஒட்டும் ஒரு மூட்டு வந்தது. அங்கே 204 கணுக்கால்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எடுக்காமல் உள்ளேயே இருந்தது 5 வருஷத்தில் 79 சதவீதம், 10 வருஷத்தில் 65, 15 வருஷத்தில் 61. அதைப் பார்த்துவிட்டுப் பல சர்ஜன்கள் கணுக்காலுக்கு மாற்று மூட்டே வேண்டாம், ஒட்டவைப்பதே மேல் என்று திரும்பிவிட்டார்கள். இன்றைக்கும் மூத்த டாக்டர்கள் சிலர் இதைக் கேட்டதும் வேண்டாம் என்று தலையாட்டுவதற்கு அந்தக் கால அனுபவம்தான் காரணம். அது நியாயமான பயம்.

அடுத்த தலைமுறை மூட்டுகள் சிமெண்ட் இல்லாமல் எலும்பே வந்து பிடித்துக்கொள்ளும்படி வந்தன. டென்மார்க்கின் ஹாக்கன் கோஃபோட் வடிவமைத்த ஸ்டார் மூட்டு அதில் பெயர் பெற்றது. மேலே ஓர் உலோகத் தகடு, கீழே தாலஸின் மேல் ஓர் உலோகத் தொப்பி, நடுவில் வழுக்கி நகரும் பிளாஸ்டிக் துண்டு. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. இடுப்பு மூட்டு மாற்றில் பெரிய திருப்பம் கொண்டுவந்த ஜான் சார்ன்லி வேலை செய்த இடம். அங்கே 200 ஸ்டார் மூட்டுகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 10 வருஷத்தில் 80 சதவீதம். அதே 200ஐ ஏறக்குறைய 16 வருஷத்தில் மறுபடி கணக்கெடுத்தபோது 76 சதவீதம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஒரே கூட்டத்தை அவ்வளவு காலம் பிடித்துவைத்திருப்பது லேசான காரியமில்லை.

மற்ற இடங்களில் எண் மாறும். சுவிட்சர்லாந்தில் பீட் ஹின்டர்மன் தான் வடிவமைத்த மூட்டைத் தன் குழுவோடு 722 கால்களில் பார்த்தபோது 10 வருஷத்தில் 84 சதவீதம். ஸ்வீடன் நாட்டுப் பதிவேட்டில் எல்லா சர்ஜன்களும் வைத்த 780 மூட்டுகளைச் சேர்த்தபோது 10 வருஷத்தில் 69 சதவீதம்தான். இதில் பழைய வடிவங்களும், கை பழகாத ஆரம்பக் காலமும் அடக்கம். 2013ல் 58 ஆய்வுகளை, மொத்தம் 7,942 மூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 10 வருஷத்துக்கு 89 சதவீதம் என்றார்கள். நீங்கள் எதை நம்புவது? வடிவமைத்தவரின் கையில் வரும் எண்ணைவிட நாட்டுப் பதிவேட்டின் எண்தான் சாதாரணக் குடும்பத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் அப்பாவுக்கு அறுவை செய்யப்போவது ஹின்டர்மன் இல்லை. ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "சார், வருஷத்துக்கு எத்தனை கணுக்கால் மாற்றுகிறீர்கள்?" முழங்காலில் ஆயிரம் செய்தவரும் கணுக்காலில் பத்துதான் செய்திருக்கலாம். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்த ஆய்வுகளில் "தாங்கியது" என்று எழுதினால், வைத்த உலோகத்தை எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். வலி இல்லை, வீக்கம் இல்லை, எலும்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பல ஆய்வுகளில் நடுவில் உள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றியதைக்கூடத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை. கணுக்கால் மூட்டு கெட ஆரம்பிக்கும்போது பல சமயம் கூச்சல் போடாது. சத்தமில்லாமல் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். நான் பயப்படுவது இதற்குத்தான்.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கணுக்கால் மாற்றி 7 வருஷம் ஆகியிருந்தது. என்னிடம் வந்தது தோள்பட்டை வலிக்காக. காலைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் உள்ளே இருந்தபடி அவர் தாழ்வாரத்தில் நடந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கால் "தட்" என்று விழுகிறது, மற்றது "தட்" என்று விழுந்து ஒரு கணம் இழுத்துப் பிறகு எழும்புகிறது. முன்பு அவர் நடை அப்படி இல்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். இடது செருப்பின் குதிகால் சமமாகத் தேய்ந்திருந்தது. வலது செருப்பின் உள்விளிம்பு மட்டும் சாய்வாகத் தேய்ந்து கிடந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். கடைசியாக எக்ஸ்ரே எடுத்தது எப்போது என்று கேட்டால், 5 வருஷம் ஆகிறது. அறுவை செய்த இடத்தில் "வலித்தால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலிக்கவில்லை, அதனால் அவர் போகவில்லை.

எக்ஸ்ரேயில் உலோகத் தகட்டுக்கு மேலே லேசான ஒரு கறுப்பு நிழல் தெரிந்தது, அவ்வளவுதான். சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது எலும்புக்குள் நெல்லிக்காய் அளவுக்குக் குழி. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தேயத் தேயக் கண்ணுக்குத் தெரியாத துகள் உதிரும். உடம்பு அதை எதிரி என்று நினைத்துத் தின்ன வரும். அந்தச் சண்டையில் பக்கத்து எலும்பும் கரையும். நல்லவேளை, உலோகம் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. குழியைச் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை அடைத்து, பிளாஸ்டிக்கை மாற்றினார்கள். இப்போதும் அந்த மூட்டோடுதான் நடக்கிறார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் மேல் தகடே சரிந்திருக்கும். அவருக்குத் தோள்பட்டை வலித்ததால் கால் பிழைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு பதறுகிறது.

ஆகவே முதல் இரண்டு வருஷம் டாக்டர் சொல்லும்போதெல்லாம், அதன் பிறகு வருஷம் ஒருமுறை, நின்றபடி எக்ஸ்ரே. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன். குழி எக்ஸ்ரேயில் தெரிவதைவிட உள்ளே பெரிதாக இருக்கும்.

மூட்டு தோற்றுப்போனால் என்ன ஆகும் என்று யாரும் வீட்டில் பேச விரும்புவதில்லை. பேசித்தான் ஆக வேண்டும். சிலருக்குப் புது மூட்டு வைக்கலாம். மற்றவர்களுக்கு மூட்டை எடுத்துவிட்டு ஒட்டவைக்க வேண்டும். அப்போது உள்ளே பெரிய பள்ளம் இருக்கும். எலும்பு வைத்து நிரப்பாவிட்டால் கால் குட்டையாகிவிடும். முதல் தடவையே ஒட்டவைப்பதைவிட அது கஷ்டமான வேலை, கூடுவதும் தாமதம். சீழ் பிடித்தால் இன்னும் சிக்கல். காலை எடுக்க வேண்டிய நிலை மிக அபூர்வம், ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒட்டவைப்பது என்றதும் "கால் கட்டை மாதிரி ஆயிடுமா?" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆகாது. கணுக்காலுக்குக் கீழேயும் முன்னாலேயும் இருக்கும் சின்ன மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அடி வளைந்த ஷூ போட்டால் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. வலியைப் போக்குவதில் ஒட்டவைப்பது நம்பகமான சிகிச்சை. அதற்கும் விலை உண்டு, கொஞ்சம் தாமதமாக வரும். அமெரிக்காவின் அயோவாவில் ஒட்டவைத்த 23 பேரைச் சராசரியாக 22 வருஷம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதே பாதத்தின் மற்ற மூட்டுகள் பெரும்பாலோருக்குத் தேய்ந்திருந்தன. நம்பிக்கையான விஷயம், முழங்கால் அந்த அளவுக்குக் கெடவில்லை. சிலருக்கு எலும்பு ஒட்டாமலே போவதும் உண்டு, புகைபிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்து 2007ல் வந்த ஆய்வில், 5 வருஷத்தில் மறுபடி பெரிய அறுவை தேவைப்பட்டவர்கள் மாற்று மூட்டில் 23 சதவீதம், ஒட்டவைத்ததில் 11 சதவீதம். ஆனால் கணுக்காலுக்கு அடியிலிருக்கும் மூட்டையும் பிறகு ஒட்டவைக்க வேண்டி வந்தது ஒட்டவைத்தவர்களிடம்தான் அதிகம். பிரிட்டனில் 17 ஆஸ்பத்திரிகளில் 50 வயதுக்கு மேற்பட்ட 303 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டு பக்கமும் பிரித்து டார்வா என்ற ஆய்வு செய்து, 2022ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் இரண்டு பக்கமும் நன்றாகத் தேறியிருந்தார்கள். நடப்பதிலும் நிற்பதிலும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மாற்று மூட்டுப் பக்கம் புண் ஆறுவதில் தொல்லை கூடுதல். ஒட்டவைத்த பக்கம் ரத்தக்கட்டியும் எலும்பு ஒட்டாமையும் கூடுதல். எந்த டாக்டராவது "இதுதான் நவீனம், அது பழசு" என்று சொன்னால் இந்த 303 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சொல்ல முடியும். அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துப் பின்னாலிருந்து குதிகாலைப் பாருங்கள். கெண்டைக்காலுக்கு நேராக இருக்கிறதா, உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கிறதா? சாய்வு அதிகம் என்றால், அதை நிமிர்த்தாமல் மேலே மூட்டு வைப்பது சாய்ந்த சுவரில் கதவு மாட்டுவது போல. ஒரு பக்கம் உரசி உரசிப் பிளாஸ்டிக் தேய்ந்துவிடும். அடியிலிருக்கும் மூட்டும் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், கணுக்காலை ஒட்டவைப்பது மிச்சமிருக்கும் அந்த மூட்டின் மேல் பாரத்தை ஏற்றும். அப்போது மாற்று மூட்டின் பக்கம் தராசு சாயும். இரண்டு காலிலும் தேய்மானம் இருந்தாலும் அப்படித்தான்.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை அளவைவிட எனக்கு முக்கியம் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பது. நைலான் நூல் மாதிரி ஓர் இழையைப் பாதத்தில் அது வளையும்வரை அழுத்தி, அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி "இப்போ தொடறேனா?" என்று கேட்போம். ஐந்து நிமிஷ சோதனை. உணர்ச்சி போயிருந்தால் மாற்று மூட்டு வேண்டாம் என்றுதான் பெரும்பாலான சர்ஜன்கள் சொல்வார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். உணராத கால், உடைவது தெரியாமலே நடக்கும்.

வயது 58 என்பது இரண்டுங்கெட்டான். 70 வயதுக்காரர், அளவாக நடப்பவர், கால் நேராக இருக்கிறது என்றால் மூட்டு அவர் ஆயுசுக்குப் போதும் என்று தைரியமாகச் சொல்லலாம். 40 வயதில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு நான் ஒட்டவைப்பதைத்தான் சொல்வேன். அப்பா கடையில் இனியும் இரும்புக் கம்பியும் சிமெண்ட் மூட்டையும் தானே தூக்கி இறக்குவார் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கல்லாவில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பவர் என்றால் கணக்கு வேறு.

அறுவைக்குப் பிறகு மூட்டு எவ்வளவு வளையும் என்பது அறுவைக்கு முன்னால் எவ்வளவு வளைந்தது என்பதைப் பொறுத்தது. விறைத்துப்போன கால் திடீரென்று இளசாகிவிடாது. சில டிகிரி கூடும். சமதளத்தில் நடக்க, படி ஏற இறங்க அது போதும். குத்தவைத்து உட்கார அநேகமாக முடியாது, வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் அறுவைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வீக்கம் ஆறு மாதம், ஒரு வருஷம்கூட இருக்கும். சாயங்காலம் செருப்பு இறுகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் புண்ணில் நீர் கசிந்தால் அன்றைக்கே போங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். மூட்டு நன்றாகப் பிடித்து, முதல் வருஷ எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, தினமும் ஐந்து கிலோமீட்டர் வலியில்லாமல் நடக்கிறார் என்றால் நான் தடுக்க மாட்டேன். அங்கங்கே உட்கார்ந்து போகட்டும், மெத்தென்ற செருப்போடு போகட்டும். வெறுங்காலோடுதான் போவேன் என்றால் கோயிலுக்குள் மட்டும் வெறுங்கால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஓடுவதும் குதிப்பதும் கூடவே கூடாது. ஒட்டவைத்த காலோடு கிரிவலம் முடித்தவர்களையும் எனக்குத் தெரியும். அதனால் கிரிவலத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. மாற்று மூட்டு என்று முடிவானால், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஃபைலில் மூட்டின் பெயர், அளவு, லாட் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 2021 மார்ச்சில், அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு, ஸ்டார் மூட்டின் பிளாஸ்டிக் துண்டு எதிர்பார்த்ததைவிட அதிகமாக உடைகிறது என்று எச்சரித்தது. அப்போது தன் காலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் உடனே போய்க் காட்ட முடிந்தது. அந்த ஸ்டிக்கரை போனில் படம் எடுத்து நீங்களும் அம்மாவும் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, முதன்முதலில் நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயின் பிரதியையும் டிஸ்க்கில் வாங்கி வீட்டில் வையுங்கள். எட்டு வருஷம் கழித்து ஒரு நிழல் புதிதா, முன்பே இருந்ததா என்று டாக்டர் பார்க்கும்போது, பக்கத்தில் வைத்து ஒப்பிட அவருக்கு அந்தப் படம்தான் வேண்டியிருக்கும்.